சென்னையை மூன்றாவதாகப் போட்டவள்

ஓட்டலில் உட்கார்ந்ததும் என் சின்னம்மா முதலில் பக்கத்து மேஜையைப் பார்ப்பாள். அங்கே யாராவது பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவளும் பொங்கல் சொல்வாள். பூரி என்றால் பூரி. இப்போதுதான் அடுப்படியிலிருந்து வந்திருக்கிறது, அதற்குள் தீர்ந்திருக்காது என்பது அவள் யோசனை. அவளுக்குப் பிடித்தது ரவா தோசை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். ஓட்டல்காரர்களுக்கு மட்டும் கடைசிவரை தெரியாது.

"கேட்டுத்தான் பாரேன்" என்று ஒருநாள் காரைக்குடி புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் வைத்துச் சொன்னேன்.

"இல்லைன்னுட்டா?"

"இல்லைன்னா வேற சொல்லு."

"எதுக்கு அவுகளை இல்லைன்னு சொல்ல வச்சுக்கிட்டு" என்றாள். சர்வர் வந்ததும் இட்லி சொன்னாள். அடுத்த மேஜையில் நாலு பேர் இட்லிதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சின்னம்மா என்றதும் வயசானவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் என் அம்மாவின் கடைசித் தங்கை. அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே பத்தொன்பது வருஷம். எனக்கும் அவளுக்கும் எட்டே மாசம். சாக்கோட்டையிலிருந்து உள்ளே போகிற ஒரு விவசாய ஊர் அவளுடையது. அங்கே பத்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது என்பதால் காரைக்குடி கழனிவாசலில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். எட்டு மாசமே மூத்தவள் என்றாலும் நான் அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருமுறை வாய் தவறி 'வாடி' என்றதற்கு அம்மாவிடம் அறை வாங்கியிருக்கிறேன். வகுப்பில் இது பெரிய வேடிக்கை. டீச்சர்கள்கூட "எங்க ஒங்க சின்னம்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

அவள் என்னைவிட நன்றாகப் படிப்பாள். இங்கிலீஷில் மட்டும் எனக்கு மார்க் கூடுதலாக வரும். பரீட்சைத் தாளின் கடைசிப் பக்கம் வந்துவிட்டால் அவள் எழுத்து கடுகு கடுகாகச் சிறுத்துவிடும். கூடுதல் தாள் கேட்க மாட்டாள். கேட்டால் தருவார்கள், அதற்காகத்தான் மேஜை மேல் ஒரு கட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எழுந்து நின்று இரண்டு, மூன்று என்று வாங்கிக் கட்டுவேன். அவள் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, துளை போட்டு நூல் கட்டுகிற இடத்தைச் சுற்றியெல்லாம் எழுதி முடிப்பாள். திருத்துகிறவர் லென்ஸ் வைத்துத்தான் படித்திருக்க வேண்டும். அப்படியும் அவள்தான் முதல்.

ஊருக்குப் போகும்போதும் இதே கதைதான். அந்த வழியாகப் போகிற வெளியூர் பஸ்ஸின் கண்டக்டரிடம் "எங்க ஊர்ல நிக்குமாண்ணே" என்று கேட்டால் பாதி நாள் நிறுத்துவார்கள். அவள் கேட்க மாட்டாள். உறுதியாக நிற்கிற டவுன் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் காத்திருப்பாள். அவளோடு சேர்ந்து நானும் காய்வேன். "இருக்குறதக் கேட்டா இல்லேங்க மாட்டாக" என்பாள். ஒரு பெரிய கண்டுபிடிப்பைப் போல அதைச் சொல்வாள். எனக்கு எரிச்சலாக வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்குப் பக்கத்தில் சின்னம்மாவின் மாமியார் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷி. வஞ்சகம் தெரியாது. சின்னம்மா பாயச வாளியோடு எதிர்வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வக்கீலுல்ல? எங்க மருமகளும் வக்கீலுக்குத்தான் படிச்சுக்கிட்டிருந்துச்சு" என்றார் அவர். "கல்யாணத்தோட விட்டுருச்சு. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருந்தா அனுப்பாமயா இருந்துருப்போம்? எங்க வீட்டுலருந்து பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம். காலையில பஸ் ஏறுனா பொழுதடைய வந்துரலாம். கேக்கவே இல்லையே தாயி. நாங்களும் அதுக்கு இஷ்டமில்லபோலன்னு இருந்துட்டோம்."

நான் இலையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். அந்தக் கல்யாணம் பேசியபோது நான் சென்னையில் விடுதியில் இருந்தேன். இரண்டாம் வருஷம். சின்னம்மா போனில், "தேதி வச்சுட்டாக" என்றாள். மாப்பிள்ளைக்குக் காரைக்குடியில் டைல்ஸ் கடை என்றாள். "படிப்பை முடிச்சுக்கிறேன்னு கேளு சின்னம்மா, இன்னும் மூணு வருஷந்தானே, கேளு" என்று கத்தினேன்.  அவள் சொன்னாள்: "மாட்டோம்னு சொல்லிட்டாகன்னா, அதுக்கப்பறம் அந்த வீட்டுல எப்படிப் புள்ள இருக்குறது?"

 

கேட்பதற்கு இத்தனை பயப்படுகிறவளுக்கு வக்கீல் ஆசை எங்கிருந்து வந்தது என்று என் அப்பா அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பார். "வக்கீல் வேலையே கேக்குற வேலை. நீ ஜட்ஜய்யாகிட்ட போயி, ஜாமீன் இருந்தா குடுங்க, இல்லாட்டி ஜெயில் குடுத்தாலும் சரின்னு நிப்ப" என்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் என்னிடம் ஒருநாள் காரணத்தைச் சொன்னாள். வயல் வரப்புத் தகராறில் அவள் அப்பா, அதாவது என் தாத்தா, சிவகங்கைக் கோர்ட்டுக்கு அலைந்த காலத்தில் லீவு நாளில் அவளையும் கூட்டிப் போவார். அங்கே கருப்புக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறாள். அந்த அம்மா எழுந்து நின்று ஏதோ கேட்டார்களாம். நீதிபதி மாட்டேன் என்றாராம். மறுபடி எழுந்து நின்று கேட்டார்களாம். மறுபடியும் மாட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டார்களாம்.

"மூஞ்சி கூட மாறல புள்ள. மாட்டேன் மாட்டேங்கிறாக, அந்தம்மா பாட்டுக்கு நிக்கிறாக. அந்தக் கோட்டைப் போட்டா அப்படி நிக்கலாம்போல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த மாதிரி நான் பிறகு பார்த்ததில்லை. அவளுக்கு வக்கீல் படிப்பு எதற்கு வேண்டியிருந்தது என்பது அன்றைக்கு எனக்கு நன்றாகப் புரிந்தது. எனக்கு அந்தப் படிப்பு வேண்டியிருந்ததற்கு இத்தனை காரணம் கிடையாது. அவள் சேர்கிறாள் என்று நானும் சேர நினைத்தேன், அவ்வளவுதான்.

பிளஸ் டூ முடிந்தது. சட்டப் படிப்புக்கு இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டோம். தரவரிசை வந்தது. எங்கள் பிரிவில் அவள் எனக்குப் பதினோரு இடம் முன்னால். அடுத்த வேலை, எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரிசையாகக் குறித்துக் கொடுப்பது. இரண்டு பேரும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு செக்காலை ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். மரத்தடுப்புக்குள் ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்தோம். திரையில் ஒரு பக்கம் முழுக்க விதிமுறைகள், எல்லாம் இங்கிலீஷில். "நீ வாசி" என்று மவுசை என்னிடம் தள்ளினாள்.

நான் வாசித்தேன். முதல் விருப்பத்தில் இடம் இருந்தால் அதையே கொடுப்பார்கள். அங்கே கிடைக்காவிட்டால்தான் இரண்டாவது. அதுவும் இல்லாவிட்டால் மூன்றாவது. கீழே குறித்ததற்காக எந்தக் கல்லூரியும் யாரையும் தள்ளிவிடாது. ஆகவே, ரொம்ப வேண்டியதை மேலே எழுத வேண்டும், கட்டாயம் கிடைத்துவிடும் என்கிற கல்லூரியைக் கடைசியில் எழுத வேண்டும். இரண்டு தடவை வாசித்தேன். நன்றாகவே புரிந்தது.

"மொதல்ல நம்ம பக்கத்து காலேஜப் போட்ரு" என்றாள் சின்னம்மா.

பக்கத்துக் கல்லூரி என்று அவள் சொன்னது இரண்டு பஸ் மாறிப் போகிற கல்லூரியை. அதன் மேல் ஒரு குறையும் இல்லை. முந்தின வருஷம் எங்களைவிட எவ்வளவோ கீழே இருந்தவர்களுக்கெல்லாம் அங்கே இடம் கிடைத்திருந்தது. அவள் மார்க்குக்கு அது மடியில் வந்து விழும். சென்னைக் கல்லூரிதான் எல்லாரும் ஆசைப்படுவது. இவள் வரிசைக்கு அதுவும் அநேகமாகக் கிடைக்கும்.

"அதை எதுக்கு மொதல்ல?"

"பின்ன? சேரப்போற எடத்த மூணாவதா எழுதுனா அவுக என்ன நெனப்பாக? நம்மள மூணாந்தரமா நெனச்சிருக்கா, இவளுக்கு எதுக்கு எடம்னு தள்ளிவிட மாட்டாகளா?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சிரிக்கிற விஷயம் இல்லை. அவள் ஊர்க் கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டுவதற்கு வரிசை உண்டு. இன்னார் முதல், இன்னார் இரண்டாவது என்று. ஒரு வருஷம் பூசாரி ஆள் மாறி, இரண்டாவதாகக் கூப்பிட வேண்டிய ஒருவரை மூன்றாவதாகக் கூப்பிட்டுவிட்டார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர்தான். அதன் பிறகு அந்த ஊரில் ஒரு நல்லது கெட்டதுக்கும் அவர் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. மகள் கல்யாணத்துக்கு ஊரையும் அழைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற வரிசைக்காகப் பத்திரிகையையே திரும்ப அச்சடித்த வீடுகள் எங்கள் சொந்தத்தில் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவள், கல்லூரிக்கும் கோபம் வரும் என்று நினைத்தாள்.

"அப்ப சென்னை?"

"அதைக் கடைசியாப் போட்டுக்க. அது எப்படியும் நமக்குத் தரப்போறதில்ல. கோவிச்சா கோவிச்சுட்டுப் போகுது."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அப்படி இல்லை சின்னம்மா, கம்ப்யூட்டருக்கு மரியாதை கிடையாது, மேலே இருந்து பார்த்துக்கொண்டே வரும், வேண்டியதை மேலே போடு. இவ்வளவுதான். அரை நிமிஷம் ஆகியிருக்காது. மறந்துவிட்டேன் என்றோ அவள் பிடிவாதத்துக்குப் பயந்தேன் என்றோ பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை அது இல்லை. எங்கள் பிரிவில் சென்னைக் கல்லூரியில் எத்தனை இடம் என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்றும் தெரியும். ஒரு ஆள் விலகினால் எனக்குக் கிடைக்கலாம் என்ற நிலைமை. அந்த ஒரு ஆள் என் ஸ்டூலில் பாதியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் சொன்ன வரிசையிலேயே குறித்தேன். பக்கத்துக் கல்லூரி, மதுரை, சென்னை. "சரியாப் பாத்துக்க" என்று திரையை அவள் பக்கம் திருப்பினேன். பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு" என்றாள். பட்டனை அழுத்தினேன். பிறகு என்னுடையதைக் குறித்தேன். நான் சென்னையை முதலில் போட்டேன்.

"ஏ, பயமில்லையா ஒனக்கு?" என்று என் தோளில் தட்டினாள்.

அவளுக்குப் பக்கத்துக் கல்லூரி கிடைத்தது. எனக்குச் சென்னை கிடைத்தது. பட்டியலில் எங்கள் பிரிவில் கடைசிப் பெயர் என்னுடையது. செய்தி வந்ததும் அவள்தான் முதலில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஒனக்கு தைரியம் புள்ள. கேட்ட, குடுத்துட்டாக" என்றாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். அம்மா கேசரி கிண்டினாள். நானும் சாப்பிட்டேன். நன்றாகவே இறங்கியது.

ஒன்றரை வருஷம் அவள் அந்த இரண்டு பஸ்ஸில் போய்வந்தாள். விடுமுறைக்கு நான் வரும்போது தன் நோட்டுகளைக் காட்டுவாள். ஒப்பந்தச் சட்டமெல்லாம் அந்தக் கடுகு எழுத்தில் அவ்வளவு தெளிவாக இருக்கும். என் பரீட்சைக்கு நான் அதைத்தான் நகலெடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். அப்புறம் டைல்ஸ் கடை மாப்பிள்ளை வந்தார். நான் விடுதியில் தங்கி, ஐந்து வருஷமும் படித்து முடித்து, மதுரையில் ஒரு சீனியரிடம் சேர்ந்து, இப்போது தனியாக வழக்கு நடத்துகிறேன். நீதிபதிகள் மாட்டேன் என்று சொல்லச் சொல்ல நின்று கேட்கிறேன். மூஞ்சி மாறுவதில்லை.

இந்த வருஷம் சின்னம்மா போன் செய்தாள். வா என்று சொல்லவில்லை. "நீ இங்குட்டு வந்தா சொல்லு, மூத்தார் மகளும் சட்டத்துக்குத்தான் போடுது" என்றாள். மூத்தார் என்றால் அவள் புருஷனின் அண்ணன். அவர் பெண்ணுக்குப் பதினேழு வயசு. சிவகங்கையில் எனக்கு ஒரு வழக்கு இருந்தது. அது மதியமே ஒத்திவைக்கப்பட்டுவிட்டதால் காரைக்குடிக்குக் காரை விட்டேன்.

அந்தப் பெண் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தது. சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதன் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முடி ஓரத்தில் நரைக்க ஆரம்பித்திருந்தது. "வா, சாப்பிட்டியா, மோர் குடிக்கிறியா" என்றாள். இப்போது விதிமுறைகளைத் தமிழிலும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தது.

"முதல் விருப்பத்தில் இடம் கிடைக்காதபோது மட்டுமே அடுத்த விருப்பம் பரிசீலிக்கப்படும். பின்வரிசையில் குறிப்பிட்ட காரணத்தால் எந்த இடமும் மறுக்கப்படாது."

"இன்னொருக்க வாசி" என்றாள் சின்னம்மா.

அது வாசித்தது. "அப்ப வேணுங்கிறத மேல போட்டுட்டு, கண்டிப்பாக் கெடைக்கிறதக் கீழ போட்டுக்கலாம் சித்தி. ஒண்ணும் நட்டமில்லை" என்று விளக்கமும் சொன்னது. பதினேழு வயசுப் பெண். ஒரே வாசிப்பில் புரிந்துவிட்டது.

சின்னம்மா மார்க் ஷீட்டைக் கவருக்குள் போட்டு மேஜை மேல் வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"அப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா சின்னம்மா."

"நீதான வாசிச்ச."

நான் மோர் டம்ளரைக் கையில் வைத்திருந்தேன். அந்தப் பெண் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து எங்களைப் பார்த்தது.

"ஒனக்கு அன்னைக்கே வெளங்குச்சா?" என்று கேட்டாள் சின்னம்மா. அதட்டலாக இல்லை. சாப்பிட்டியா என்று கேட்ட அதே குரல்.

"இல்ல" என்றேன். "எனக்கும் அன்னைக்கு வெளங்கல."

"அதான். இங்கிலீசுல இல்ல இருந்துச்சு" என்றாள் உடனே. இங்கிலீஷில் எனக்கு எவ்வளவு மார்க் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேர் மார்க்கும் அவளுக்கு எப்போதும் மனப்பாடம். பிறகு அந்தப் பெண்ணிடம், "சென்னையை மேல போடுத்தா" என்று சொல்லிவிட்டு, என் டம்ளரை வாங்கிக்கொண்டு மோர் ஊற்ற அடுப்படிக்குப் போனாள். போனவள் சீக்கிரம் வரவில்லை. குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நானும் அந்தப் பெண்ணும் சான்றிதழ் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம்.

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "பாத்துப் போ. போயி ஒரு போன் போடு" என்றாள்.

பொய் சொல்கிறவர்களைத் தினமும் கூண்டில் பார்க்கிறேன். நம்பாதவர்கள் முகம் எப்படி இருக்கும் என்றும் தெரியும். சின்னம்மா என்னை நம்பினாளா என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு 'இல்லை'யைக் கேட்டுவிடக் கூடாது என்று ரவா தோசையைக்கூட விட்டவள் அவள். அன்றைக்கு அந்த ஒரு 'இல்லை' வேண்டும் என்றுதான் என்னிடம் கேட்டாள் என்று நினைக்கிறேன். நான் கொடுத்துவிட்டேன்.

திருப்பத்தூர் தாண்டும்வரை அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மதுரைக்கு வந்து சேர்ந்ததும் அவளுக்கு போன் போட்டு வந்துவிட்டேன் என்றேன். "சரி, சாப்பிட்டுப் படு" என்றாள்.